கெண்டைக்கால் பிடிப்போடு ஆடலாம் என்று வாதாடியவன் எழுதுவது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினால் மானம் போகும், எழுதாவிட்டால் என்னைப் போல இன்னொருவன் அடுத்த ஜூன் மாதம் இதே கூத்தை அடிப்பான். எனக்கு வயது 43. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன், கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. அதாவது மற்றவர்களுக்குக் கை கால் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்ட நான் ஒரு வாட்ஸ்அப் வாக்குவாதத்தில் தோற்கக் கூடாது என்பதற்காக இடது காலின் குதிகால் நாணை அறுத்துக்கொண்டேன். அக்கிலீஸ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். கையிலிருந்து போனது 4,600 வெள்ளிக்கு மேல், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து போனது தனிக் கணக்கு. நாள் கணக்கில் எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஓடவில்லை.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும். புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கூடைப்பந்துத் திடலில் புதன், ஞாயிறு மாலைகளில் ஒன்பது பேர் கூடுவோம். ஒரு மணி நேரம் ஆட்டம், அப்புறம் கோப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் வாதம். உண்மையைச் சொன்னால் நாங்கள் விளையாடுவதைவிடப் பேசுவதில்தான் கெட்டிக்காரர்கள். அதில் மூத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர், எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான், ஐம்பதைத் தாண்டியவர், மைக்கேல் ஜோர்டன் காலத்திலிருந்து அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்கிறார். இளையவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. அவன் முழு ஆட்டம் எதையும் பார்ப்பதில்லை, இருபது விநாடித் துண்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து உலகத்துக்கே பயிற்சியாளர் மாதிரிப் பேசுவான். நான் நடுவில். முழு ஆட்டம் பார்ப்பேன், ஆனால் வாயை மூடத் தெரியாது.

2025 என்பிஏ இறுதித் தொடர் எங்களுக்காகவே எழுதப்பட்ட மாதிரி வந்தது. ஏழு ஆட்டம் வரை போகலாம், முதலில் நான்கை ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஒரு பக்கம், இண்டியானா பேசர்ஸ் மறுபக்கம். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே மறுநாள் காலை 8 அல்லது 8.30 மணி, சரியாக வேலை ஆரம்பிக்கிற நேரம். முதல் ஆட்டம் ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை. தளத்து அலுவலகக் கொள்கலனில் உட்கார்ந்து கைப்பேசியை ஃபைலுக்குப் பின்னால் நிறுத்திவைத்துப் பார்த்தேன். முதல் பாதியில் மட்டும் இண்டியானா 19 முறை பந்தைப் பறிகொடுத்தது. நான்காம் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கியது. கடைசியில் ஓக்லஹோமாவின் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் போட்ட பந்து தவற, திரும்பி வந்த பந்தை இண்டியானா எடுக்க, அதன் பயிற்சியாளர் ரிக் கார்லைல் டைம் அவுட் கேட்காமல் விட, இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து 0.3 விநாடி மிச்சம் இருக்கும்போது போட்டார். 111–110. ஆட்டம் முழுக்க இண்டியானா முன்னிலையில் இருந்தது அந்த 0.3 விநாடி மட்டும்தான்.

அன்று இரவு கோப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் ஆறிப்போகிற அளவுக்கு வாதம். தம்பிக்கு அந்த ஷாட்தான் ஆட்டம். அண்ணனுக்கு டைம் அவுட் கேட்காததுதான் ஆட்டம், ஏனென்றால் கேட்டிருந்தால் ஓக்லஹோமா தன் தற்காப்பை ஒழுங்குபடுத்தியிருக்கும். எனக்கோ ஓக்லஹோமா எதிரணி பறிகொடுத்த அத்தனை பந்துகளைக் கையில் வாங்கியும் முதல் பாதியிலேயே ஆட்டத்தை முடிக்காமல் விட்டதுதான் காரணம். இதில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி வாதங்களில் நட்பைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, நினைவை வைத்துப் பேசாமல் பதிவை வைத்துப் பேசுவது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த விநாடியில் யார் என்ன செய்தார் என்ற வரிசைப்பட்டியல் என்பிஏ தளத்திலேயே இருக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசம் 3 புள்ளிக்குள் வந்த ஆட்டங்களுக்கு நடுவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக அலசிய அறிக்கையையும் லீக் மறுநாளே வெளியிடும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை வராது. மீதிப் பாதி எப்படியும் வரும்.

நான்காம் ஆட்டத்துக்குப் பிறகு சண்டை சூடானது. இண்டியானா 2–1 என முன்னால், சொந்த ஊரில் ஆட்டம், நான்காம் கால்பகுதி தொடங்கும்போது 7 புள்ளி முன்னிலை. கையில் இருந்தது 3–1. அங்கிருந்து ஷே கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 15 புள்ளி போட்டு 111–104 என்று முடித்தார். மொத்தம் 35 புள்ளி, ஒரு அசிஸ்ட்கூட இல்லை, அதாவது சக ஆட்டக்காரர் பந்தைப் போட வழிசெய்த பாஸ் ஒன்றுகூட இல்லை. தொடர் அங்கேயே திரும்பிவிட்டது என்று நான் சொன்னேன், இன்றைக்கும் பாதி அதையேதான் சொல்வேன். மீதிப் பாதி ஏன் மாறியது என்பதுதான் இந்தக் கதை.

ஜூன் 15, ஞாயிறு. எங்கள் திடலில் கூடைக்குப் பக்கத்தில் போய்ப் பந்தைப் போடும் ஒரு சாதாரண லேஅப்புக்கு எழும்பினேன், இடது கெண்டைக்காலில் யாரோ நூலைச் சுண்டி இழுத்த மாதிரி ஒரு வலி. நொண்டிக்கொண்டே வெளியே வந்து கோடாலித் தைலம் தடவினேன். மனைவியும் பிள்ளைகளும் ஜூன் பள்ளி விடுமுறைக்குத் திருச்சி போயிருந்தார்கள், வீட்டில் கேட்க ஆளில்லை. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை ஐந்தாம் ஆட்டம். ஹாலிபர்ட்டன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வந்து ஆடினார், ஒரு ஷாட்கூட உள்ளே போகவில்லை, எல்லாம் ஃப்ரீ த்ரோவில் வந்த 4 புள்ளி. மறுபக்கம் ஜேலன் வில்லியம்ஸ் 40 போட்டார். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் தசைப் பிடிப்பு என்று செய்தி வந்தது. எனக்கு என்னமோ பெருமையாக இருந்தது, எனக்கும் அவருக்கும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் அடி. சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி வந்தது. ஆறாம் ஆட்டத்தில் அவர் ஆடலாமா, கூடாதா? நான் ஆடணும் என்ற கட்சி. இறுதித் தொடரில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டேன். 1970 இறுதித் தொடரில் நியூயார்க்கின் வில்லிஸ் ரீட் தொடையில் அடியோடு நொண்டிக்கொண்டே ஏழாம் ஆட்டத்துக்கு வந்து முதல் இரண்டு ஷாட்டையும் போட்ட கதையை எடுத்துவிட்டேன். அண்ணன் அமைதியாகப் பதில் போட்டார்: அந்த ஆட்டத்தில் ரீட் எடுத்தது மொத்தம் 4 புள்ளி, ஜெயிக்க வைத்தது அவரோடு ஆடிய வால்ட் ஃப்ரேசியரின் 36 புள்ளியும் 19 அசிஸ்டும். கூடவே, 2019-இல் கெவின் டுரான்டை மறந்துட்டியா என்று கேட்டார். டுரான்டுக்கும் முதலில் கெண்டைக்கால்தான். ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டு டொராண்டோவுக்கு எதிராக ஐந்தாம் ஆட்டத்தில் இறங்கினார், 12 நிமிடம் ஆடி 11 புள்ளி எடுத்தார், அக்கிலீஸ் அறுந்தது. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? ‘அது வேற கால், இது வேற கால்.’ இப்போது அந்த வரியைப் படித்தால் கைப்பேசியைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை ஆறாம் ஆட்டம். ஹாலிபர்ட்டன் ஆடினார், 14 புள்ளி போட்டார், இண்டியானா 108–91 என்று நொறுக்கியது. நான் குழுவில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அவரே அவ்வளவு ஆடியிருக்க மாட்டார். பார்த்தீர்களா, ஒண்ணும் ஆகல, கெண்டைக்கால் எல்லாம் மனசுல இருக்கு என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு நானும் இறங்கினேன். வலி இருந்தது, ஆனால் சூடேறினதும் போய்விட்டது. எனக்கும் ஒண்ணும் ஆகல.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தளத்தில் தினமும் காலை 8 மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் பாதுகாப்புப் பேச்சு, நடத்துவேன். அதில் நான் ஓயாமல் சொல்லும் விஷயம் நியர் மிஸ். மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்து யார் தலையிலும் படவில்லை என்றால் தொழிலாளர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் விடமாட்டேன், அறிக்கை எழுதச் சொல்வேன். படாதது அதிர்ஷ்டம், ஸ்பேனர் விழுந்தது நிஜம், நாளைக்கும் விழும் என்பேன். பதினோரு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறாம் ஆட்டம் அவருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும், தலைக்குப் பக்கத்தில் விழுந்த ஸ்பேனர். நான் அதைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா தலைக்கவசமே தேவையில்லை என்று அறிக்கை எழுதினேன். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும், அந்தத் தொடரின் திருப்புமுனை ஆறாம் ஆட்டம்தான், இண்டியானா ஜெயித்த அந்த ஆட்டம், என்று சொல்கிறேன். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இன்னும் நான்காம் ஆட்டத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறார், அதுவும் முதலில் நான் சொன்னது.

ஜூன் 23 திங்கள், ஏழாம் ஆட்டம். 2016-க்குப் பிறகு இறுதித் தொடர் ஏழு வரை போனது அப்போதுதான். அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஹாலிபர்ட்டன் முதல் ஏழு நிமிடத்தில் மூன்று த்ரீ போட்டு 9 புள்ளி. நான் குழுவில் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறேன். முதல் கால்பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது பந்தோடு முன்னே பாய எத்தனித்தார், யாரும் தொடவில்லை, விழுந்தார். தரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தச் சத்தம் தொலைக்காட்சியில் கேட்டதா, நானாகக் கற்பனை செய்தேனா என்று தெரியவில்லை, இன்னும் காதில் இருக்கிறது. பாதியில் இண்டியானா 48–47 என்று முன்னால் இருந்ததுதான் ஆச்சரியம். மூன்றாம் கால்பகுதியில் ஓக்லஹோமா 34–20 என்று அடித்துப் போனது, முடிவு 103–91. ஷேக்கு 29 புள்ளி, 12 அசிஸ்ட், தொடர் நாயகன் விருது. அந்த ஆண்டு பிளே ஆஃப் என்ற நாக் அவுட் சுற்றுகளில் அக்கிலீஸ் அறுந்த மூன்றாவது பெரிய ஆட்டக்காரர் ஹாலிபர்ட்டன். டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம், இவர், மூன்று பேர் சட்டையிலும் எண் 0. தம்பி இதைக் கண்டுபிடித்துப் போட்டு ஆறு பேயின் படமும் போட்டிருந்தான்.

அண்ணன் அன்று ஒரு வரிதான் எழுதினார்: ‘சொன்னேனே தம்பி.’ அதில் குத்தல்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்கு அது குத்தலாகப் பட்டது. இரண்டு நாள் விடாமல் வாதாடினேன். அவர் ஆடியது சரிதான், 25 வயதுக்காரனுக்கு இப்படி ஒரு ஏழாம் ஆட்டம் இன்னொரு தடவை வருமா என்று எழுதினேன். இரவு ஒரு மணிக்கு எழுதினேன், காலை விரைவு ரயிலிலே எழுதினேன், டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்த கையோடு எழுதினேன். யாரோ எண்ணிச் சொன்னார்கள், அந்த இரண்டு நாளில் குழுவில் 340 செய்திகள், அதில் பாதிக்கு மேல் என்னுடையவை. இப்போது திரும்பிப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. அவர் ‘ஆடினால் காலுக்கு ஆபத்தா’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னார். நான் ‘அந்த ஆபத்தை எடுக்கலாமா’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். வாதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் கேள்வி என்ன என்று ஒரு வரியில் எழுதிப் பார்த்திருந்தால் செவ்வாய் இரவே தூங்கியிருப்பேன்.

புதன் மாலை தம்பி குழுவில் கேட்டான்: ‘அண்ணே, இன்னிக்கு வரீங்களா, இல்ல உங்களுக்கும் கெண்டைக்காலா?’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம். அவ்வளவுதான். சட்டை மாற்றினேன், இறங்கினேன். வழக்கமாகப் பத்து நிமிடம் சூடேற்றுவேன், அன்று நேரமாகிவிட்டது என்று அதையும் செய்யவில்லை. நாலாவது நிமிடமோ ஐந்தாவதோ, பந்தை வாங்கி இடது காலை ஊன்றி முன்னே தள்ளினேன். பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்தார்கள். ‘டப்’ என்று சத்தம்கூட வந்தது. விழுந்து திரும்பி, ‘ஏண்டா உதைச்ச?’ என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன். அவன் வாயைத் திறந்தபடி மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறான். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

இது ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்து, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றால், அது சுளுக்கு இல்லை. அக்கிலீஸ் அறுந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்களாம், மருத்துவர் பிற்பாடு சொன்னார். எனக்கு அன்று தெரியாது. வலிகூட நினைத்த அளவுக்கு இல்லை, அதுதான் ஏமாற்றுகிறது. கால் விரல்களை அசைக்க முடிந்தது, பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்தவும் முடிந்தது, ஆகவே சுளுக்கு என்று முடிவு கட்டினேன். நண்பர்கள் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள், வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லி மின்தூக்கி வரை தாங்கலாக வந்து மேலே போய்விட்டேன். ஐஸ் வைத்தேன், மறுபடியும் அதே தைலம். அண்ணன் அன்று மாலை வேலையில் இருந்தார், அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். காலைவிட அதுதான் அப்போது பெரிய கவலை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கட்டிலில் குப்புறப் படுத்து பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒருவரைக் கெண்டைக்கால் சதையைக் கையால் அமுக்கச் சொல்லுங்கள். நாண் சரியாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அசையவில்லை என்றால் நேராக மருத்துவமனை. நடக்க முடிகிறதே, விரல் அசைகிறதே என்பதெல்லாம் கணக்கில்லை, அதற்கு வேறு தசைகள் இருக்கின்றன. குதிகாலுக்குச் சற்று மேலே விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பள்ளம்கூடத் தட்டுப்படலாம். வலி தாங்க முடியவில்லை, எழவே முடியவில்லை என்றால் 995, அவசர ஆம்புலன்ஸ் எண். உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்கு 1777 என்று தனி எண் இருக்கிறது, அது கட்டண வண்டி. நான் இரண்டையும் கூப்பிடவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்து காலை ஊன்றினேன், தரை இல்லாத மாதிரி இருந்தது. உட்கார்ந்து அழுதேன். 43 வயது ஆள், கழிப்பறை வாசலில்.

காலை டாக்சி பிடித்துப் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தனியாகப் போனேன். ஐந்து மணி நேரம் காத்திருப்பு. இளம் மருத்துவர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து வலது கெண்டைக்காலை அமுக்கினார், பாதம் அசைந்தது. இடதை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது என்னுடைய பாதம் மாதிரியே இல்லை, கடையில் செருப்புக்கு மாட்டி வைத்திருக்கும் பொம்மைக் கால் மாதிரி கிடந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டார். கூடைப்பந்து என்றேன். ‘ஹாலிபர்ட்டன் மாதிரியா?’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பே கெண்டைக்காலில் பிடிப்பு இருந்ததைச் சொன்னேன், அதனால்தான் இது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நியாயமாகத்தான் பேசினார். ஆனால் பிடிப்பு இருந்த காலோடு சூடேற்றாமல் இறங்கியது யார் தவறு என்பதற்கு எனக்கு மருத்துவர் வேண்டியதில்லை.

அடுத்த நாலு நாள் வீட்டில் தனியாக. மனைவியிடம் சொல்லவில்லை, பயணத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன், உண்மையில் திட்டு வாங்கப் பயம். இரண்டு ஊன்றுகோலோடு நடக்கிறவனுக்குக் கை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு கோப்பை கோப்பியை அடுப்பிலிருந்து மேசைக்குக் கொண்டுபோக முடியாது. முதல் நாள் அடுப்பங்கரையில் நின்றபடியே எல்லாம் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் புத்தி வந்து, பிள்ளையின் பள்ளிப் பையை முதுகில் மாட்டி, அதில் ஃபிளாஸ்க்கும் டிபன் டப்பாவும் போட்டு எடுத்துப் போனேன். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டாயம் வேண்டும், ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிற்கவே கூடாது. நான் ஒரு தடவை வழுக்கி கதவுப் பிடியைப் பிடித்துத் தப்பித்தேன் (அறிக்கை எழுதவில்லை). இன்னொன்று, காலை அசைக்காமல் வைத்திருக்கும்போது ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் வர வேண்டும் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். தனியாக இருந்தால் யாராவது ஒருவர் தினமும் ஒரு முறை அழைக்கிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் அதையும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். அண்ணன். தம்பிதான் சொல்லியிருக்கிறான். கையில் இடியப்பம், ஒரு பை ஆரஞ்சு. உள்ளே வந்து, காலைப் பார்த்தார், சமையலறையில் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தார், பேசாமல் கழுவ ஆரம்பித்தார். ‘சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. போகும்போது மட்டும், ‘வீட்டுல சொல்லிட்டியா? இன்னிக்கே சொல்லு’ என்றார். அன்று இரவு மனைவிக்கு வீடியோ அழைப்பில் காலைக் காட்டினேன். முதலில் அவள் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் திருச்சியிலிருந்து மாமியாரும் சேர்ந்து திட்டினார். ஞாயிறு காலை சாங்கி விமான நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்து வர வேண்டியவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சின்னவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய் துப்பாக்கி விளையாடினான்.

அறுவைச் சிகிச்சையா, வேண்டாமா என்று தேர்வு எனக்குக் கொடுக்கப்பட்டது. இது பலருக்குத் தெரியாது, அறுந்தால் தைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. குதிகாலை உயர்த்தி வைக்கும் பூட்ஸ் போட்டு ஆறவிட்டாலும், ஒழுங்காகப் பயிற்சி செய்தால், பெரும்பாலோருக்கு முடிவு ஏறத்தாழ ஒன்றுதான் என்று மருத்துவர் விளக்கினார். தைக்காவிட்டால் மறுபடி அறுகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம், தைத்தால் புண்ணும் தொற்றும் வரும் ஆபத்து. வயது, வேலை, சர்க்கரை நோய் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நான் தைக்கச் சொன்னேன். ஏணி ஏறி இறங்குகிற வேலை என்று காரணம் சொன்னேன். பாதிக் காரணம் ஹாலிபர்ட்டன் ஆட்டம் முடிந்த மறுநாளே அறுவை செய்துகொண்டார் என்பது. அந்த நிலையிலும் புத்தி போன போக்கைப் பாருங்கள். அவருக்கு ஒரு படை மருத்துவர்கள், அப்படியும் 2025–26 பருவம் முழுக்க ஆட மாட்டார் என்று அணி அறிவித்துவிட்டது. எனக்கு ஒரு மனைவி.

பணக் கணக்கைத் திறந்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் தேடியபோது யாரும் சொல்லவில்லை. இது என் ரசீதுகள், நிரந்தரவாசிக்கான கட்டணம், உங்களுக்கு மாறும். அவசரப் பிரிவும் முதல் சந்திப்பும் 150 வெள்ளி, ஊன்றுகோல் 38, பூட்ஸ் 260, மெடிசேவ் போக அறுவைக்குக் கையிலிருந்து 1,150, இதுவரை பிசியோ 700 சொச்சம். டாக்சி மட்டும் 720 வெள்ளி, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, ஊன்றுகோலோடு விரைவு ரயிலில் போய்ப் பார்த்தால் புரியும். போன ஓவர்டைமும் தள அலவன்சும் 1,600 இருக்கும். விடுப்பு விஷயத்தில் ஒன்று, ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு உண்டு, அதில் 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பும் அடக்கம். அறுவைக்கு முன்னாலேயே மனிதவளப் பிரிவில் பேசி, எந்தச் சான்றிதழ் எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு என்று ஒரு கதவு இருக்கிறது, ஞாயிறு புதன் பந்துக்கு அது திறக்காது. ஆண்டுக்கு 190 வெள்ளிக்கு ஒரு விபத்துக் காப்புறுதி வைத்திருந்தேன், ஜனவரியில்தான் தேவையில்லை என்று விட்டேன். நாற்பது வயதுக்கு மேல் வாரத்துக்கு இரண்டு நாள் குதிக்கிறவர்கள் தசைநாண் கிழிவதையும் சேர்க்கிற காப்புறுதியா என்று கேட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஹாலிபர்ட்டன் ஏழாம் ஆட்டத்தில் ஆடியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். திரும்பவும் அப்படியே செய்வேன் என்று அவரே எழுதினார், அது அவர் கால், அவர் தொழில், அவர் எடுத்த முடிவு. எனக்கு அங்கே கோப்பையும் இல்லை, மோதிரமும் இல்லை, தம்பி போட்ட ஒரு மஞ்சள் முகம் மட்டும்தான் இருந்தது.

இப்போது பிசியோ நடக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும், 25 தடவை வந்தால்தான் ஓடுவதைப் பற்றிப் பேசலாம் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். டிசம்பரில் ஒன்றுகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் ஆடும்போது நான் திடலோரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறேன், அண்ணன் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறார். போன வாரம் பன்னிரண்டு என்றேன் நான். பதினொன்றுதான், ஒன்பதாவது முழுசா ஏறல என்றார் அவர். ஏறியது என்றேன். தம்பி கைப்பேசியில் எடுத்திருந்தான், மூன்று பேரும் குனிந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். குதிகால் மேலே வந்த மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. கோப்பிக் கடை மூடுகிற வரைக்கும் பேசினோம், தீரவில்லை.